நாவுக்கும் ஒரு விரதம்



தைப்பூசத்திற்கு விரதம் ஏற்கும் அன்பர்களின் ஒழுங்குமுறையை இங்குள்ளோர் யாவரும் அறிவர். 48 நாள் நோற்பவர் உண்டு. 21 நாள் நோற்பவர் உண்டு. அலுவல் மிகுதியால் ஒரு வாரத்தோடு அமைபவரும் உண்டு. நாள் எத்தனையாயினும் விதி ஒன்றே. புலால் இல்லை, மது இல்லை, புகை இல்லை. மெத்தையை விடுத்துத் தரையில் பாய் விரித்துத் துயில்கின்றனர். விடியற்காலையில் நீராடி வழிபாட்டில் அமர்கின்றனர். வெண்சுருட்டின்றி ஒரு நாளும் இருக்க மாட்டார் என்று மனைவி மக்களே கைவிட்ட ஒருவர், விரதம் தொடங்கிய நாள் முதல் அதனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மருத்துவர் சொல்லியும் கேளாதவர், முருகன் பெயரைச் சொன்னவுடன் கேட்கிறார்.

இவ்வளவு கடுமையாக நோன்பு காக்கும் அதே அன்பர், காலையில் கெட்டிப்பால் கலந்த தேநீர் அருந்துகிறார். பத்து மணிக்கு மற்றொரு குவளை. மாலையில் கேசரியோடு மூன்றாவது குவளை. இரவு பஜனை முடிந்ததும் பாயாசம். புலால் நீங்கிய இடத்தில் இனிப்பு வந்து குடியேறிவிடுகிறது. விரதம் முடியும் நாளில் உடல் எடை கூடியிருப்பதைக் கண்டு வியப்பவரும் உளர். நோன்பின் கணக்கில் சேராமல் விடுபட்டுப்போன இந்த இனிப்பே இன்றைய உரையின் பொருள்.

மருத்துவமனையில் பேச வேண்டியதை ஆலயத்தில் பேசுவானேன் என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். திருமூலர் உடம்பை இழிவென்று ஒதுக்காமல், இறைவன் உறையும் இடம் எனக் கண்டு அதனைப் பேணியவர். திருமந்திரம் பயின்றோர் இதனை அறிவர். ஆயினும் அவ்வளவு உயரத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. அடியார்களின் பாதங்களைப் பார்த்தாலே போதும்.

கோலாலம்பூர், துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதத்தைப் பின்தொடர்ந்து பத்துமலைக்கு நடப்போர் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடக்கின்றனர்; அதன் பின் 272 படிகள் ஏறுகின்றனர். பினாங்குத் தண்ணீர்மலையிலோ 500க்கும் மேற்பட்ட படிகள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில்வரை பால்குடமும் காவடியும் செல்கின்றன. எங்கும் காலணி இல்லை. நண்பகல் வெயிலில் தார்ச்சாலை எவ்வாறு கொதிக்கும் என்பதை இந்நாட்டில் வாழ்வோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நீரிழிவு நோய் பல்லாண்டு கட்டுக்கடங்காமல் நீடித்தால், பாதங்களிலுள்ள நரம்புகள் உணர்விழக்கின்றன. சூடு தெரியாது, முள் தைத்தது தெரியாது, கொப்புளம் உடைந்தது தெரியாது. இரத்த ஓட்டமும் குன்றியிருப்பதால் புண் எளிதில் ஆறாது. அது அழுகி, முதலில் விரலையும் பின்னர்க் காலையும் எடுக்க வேண்டிய நிலை வருகிறது. நேர்த்திக்கடன் செலுத்தச் சென்ற கால்களை அதே கடனின் பொருட்டு இழப்பது எத்துணைத் துயரம்! வலி தோன்றாமை அருளின் அடையாளம் என்று மகிழும் அன்பர்கள் உண்டு. அந்த நம்பிக்கையைக் குறை கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆனால் நரம்பு செயலிழந்தமையாலும் வலி தோன்றாது. இவ்விரண்டில் எது என்பதை அறிய மருத்துவரிடம் எளிய சோதனை ஒன்று உண்டு. மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டு, தொட்டது தெரிகிறதா என்று கேட்பார். சில நிமிட வேலைதான். நீரிழிவு உடையோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும், காவடியோ பால்குடமோ எடுக்கவும் தீமிதிக்கவும் கருதுவோர் அதற்கு முன்னரும், இச்சோதனையைச் செய்துகொள்ளுதல் வேண்டும்.

நாட்டின் நிலை இதுதான். மலேசிய அரசு நடத்திய தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2019இல் 18 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 18.3 பேர் நீரிழிவு உடையவர்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 ஆகக் காணப்பட்டது. குறைந்துவிட்டதே என்று மகிழ்வதற்கில்லை. ஆறு பேருக்கு ஒருவர் என்பதும் பெருந்தொகையே. இந்நோய் தம்மிடம் இருப்பதையே அறியாதவர் அவர்களுள் மிகப் பலர். இனவாரியாகப் பார்க்குமிடத்து இந்தியரிடையேதான் இவ்விகிதம் உயர்ந்துள்ளது. புதிதாக இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருக்கும் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் இந்த மண்டபத்தில் எத்தனை இருக்கும்?

நம்மவர் இந்நோயை ‘இனிப்புநீர்’ என்பர். மலாய்க்காரர் ‘கென்சிங் மானிஸ்’ என்பதும் அப்பொருளதே. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு ‘மதுமேகம்’ எனப் பெயரிட்ட பழைய இந்திய மருத்துவ நூலோரும் இதனையே கண்டனர். பெயரில் இனிப்பு இருப்பதால், சீனி தின்றால் மட்டுமே இந்நோய் வரும் என எண்ணுதல் கூடாது. பரம்பரை, உடற்பருமன், உழைப்பின்மை, அளவிறந்த சோறு ஆகிய யாவும் இதில் பங்குகொள்கின்றன. தெற்காசிய மரபினருக்குச் சிறிய தொந்தியே பெரிய இடராகிறது. ஆடவர் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், மகளிர்க்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்பது மருத்துவ உலகின் கணிப்பு. ஐரோப்பியருக்கு வகுத்த வரம்பு இதனினும் உயர்ந்தது. எனினும், இக்காரணங்களுள் மனிதன் நாளைக் காலையிலேயே கைவைக்கக் கூடியது இனிப்புதான். பாட்டனை மாற்ற இயலாது, தேநீரை மாற்றலாம்.

இந்த இனிப்புக்கும் மலாயாத் தமிழருக்கும் உள்ள உறவு பழையது. இரப்பர் இந்நாட்டுக்கு வருமுன்னரே இங்கு வந்தவன் தமிழன். 19ஆம் நூற்றாண்டில் அவன் முதலில் வேலை செய்தது கரும்புத் தோட்டங்களில். புரோவின்ஸ் வெல்லஸ்லி என அந்நாளில் வழங்கிய, இன்றைய செபராங் பிறையில், பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களில் கரும்பு வெட்டியும் ஆலைகளில் சாறு காய்ச்சியும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவ்வொப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. அதே காலத்தில் கரும்பும் ஒதுங்கி இரப்பருக்கு இடம்விட்டது. மூடுபனியில் பால்மரக் காட்டுக்குப் புறப்பட்டவர்க்கு ஒரு குவளை வரக்கோப்பியும் அதிலிட்ட சீனியும் அன்றைய உழைப்புக்கு எரிபொருளாயின. நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் வாளி சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர் உடலில் அந்தச் சீனி தங்கவில்லை, வியர்வையோடு கழிந்தது. பேரப்பிள்ளைகள் இன்று குளிரூட்டிய அறையில் கணினிமுன் அமர்ந்திருக்கின்றனர். தோட்டம் போயிற்று, நடை போயிற்று, அந்தக் குவளை மட்டும் போகவில்லை. அதில் சீனிக்குத் துணையாகக் கெட்டிப்பாலும் சேர்ந்துகொண்டது.

அந்தக் குவளையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். ஏறத்தாழப் பன்னிரண்டு சிறு கரண்டி. அதிலும் பாதியாக, 25 கிராமாகக் குறைத்தால் மேலும் நலம் என்கிறது அவ்வழிகாட்டி. இனிப்புக் கெட்டிப்பாலின் எடையில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு சேர்க்கப்பட்ட சர்க்கரை. ஒரு குவளைத் தேநீரில் இரண்டு பெரிய கரண்டி, அதாவது 40 கிராம் கெட்டிப்பால் விழுந்தால், சர்க்கரை மட்டும் ஏறத்தாழ 17 கிராம். மூன்று குவளையில் அன்றைய மேல்வரம்பு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. இன்னும் பாயாசம் வரவில்லை, பிசுகோத்து வரவில்லை, பிள்ளைகள் குடித்து மீதி வைத்த குளிர்பானம் வரவில்லை. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை கொண்ட 320 மில்லிலிட்டர்க் குளிர்பானத்தில் 32 கிராம். எட்டுச் சிறு கரண்டி. எட்டுக் கரண்டிச் சீனியைத் தட்டில் கொட்டி உண்ணச் சொன்னால் எவரும் முகம் சுளிப்பர். குளிர்ந்த நீரில் கரைத்து வாயுவை ஏற்றிக் கொடுத்தால் இரண்டாவது கேட்பர்.

அரசுகளும் தம்மால் இயன்றதைச் செய்துள்ளன. மலேசியாவில் சீனிக்கு வழங்கிய கிலோவுக்கு 34 காசு மானியம் 2013 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2019 ஜூலை முதல், வரம்புக்கு மிஞ்சிய இனிப்புள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு கலால் வரி வந்தது. அது 2024இல் 50 காசாகவும் 2025 ஜனவரியில் 90 காசாகவும் உயர்ந்தது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதி முதல் பானங்களுக்கு ஏ முதல் டி வரையிலான தரக்குறி இடப்படுகிறது. சி, டி தரத்தவை அக்குறியைத் தாங்கியே விற்பனைக்கு வரவேண்டும். சட்டம் தொழிற்சாலையின் கதவுவரை செல்லும். அடுக்களைக்குள்ளும் மடப்பள்ளிக்குள்ளும் அது நுழைய இயலாது. அங்கே வேண்டுவது வேறு.

இனிப்பை நாடுதல் மனிதனின் குற்றமன்று. பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பைத் தடவினால் முகம் மலர்கிறது. கசப்பைத் தடவினால் சுருங்குகிறது. தாய்ப்பாலே இனிப்பு. கனி பழுத்தது என்பதையும் உண்ணத் தக்கது என்பதையும் காட்டில் வாழ்ந்த மனிதனுக்கு உணர்த்தியது அச்சுவையே. ஆனால் அக்காட்டில் தேன் எப்போதோ ஒருமுறை, தேனீயின் கொட்டுக்கு அஞ்சிக் கிடைத்தது. இன்று அது ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்திலும் நாள் முழுவதும் கிடைக்கிறது. வெறும் வயிற்றில் இனிப்பை மட்டும் உண்டால், அது விரைந்து இரத்தத்தில் கலக்கிறது. அதனை அடக்க இன்சுலின் விரைந்து சுரக்கிறது. சிலருக்குச் சிறிது நேரத்தில் சோர்வும் பசியும் மீண்டும் தோன்றுகின்றன. உறக்கம் குறைந்த மறுநாள் இவ்வேட்கை மிகுவதும் உண்டு.

இவை யாவற்றினும் வலியது பழக்கம். மாலை நான்கு மணிக்குத் தேநீரும் கேக்கும் கேட்பது பெரும்பாலும் வயிறு அன்று, கடிகாரம். தொலைக்காட்சித் தொடரின் பாடல் ஒலித்தவுடன் கை முறுக்கு டப்பாவைத் தேடுகிறதே, அது பசியா? ஆதலால் வேட்கை எழும் நேரத்தையும் இடத்தையும் முதலில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் உண்மை தெரியும். அந்நேரத்தில் ஒரு குவளை நீர் அருந்தி, எழுந்து பத்து நிமிடம் நடந்தால் வேட்கை பெரும்பாலும் தணியும். அது கடலலை போன்றது. ஏறியது இறங்கியே தீரும். பிசுகோத்து டப்பாவை மேசைமேல் திறந்து வைத்துக்கொண்டு அலையோடு போராடுவது மட்டும் வீண் வேலை. வீட்டில் இல்லாததை எவரும் நள்ளிரவில் தின்பதில்லை.

நாவைத் திருத்த இயலுமா என்று ஐயுறுவோர்க்கு, விரதம் நோற்போரே சான்று. 48 நாள் புலால் நீக்கிய பின்பு அதன் வாடையே ஒவ்வாமற்போவதை அவர்கள் தம் அனுபவத்தில் அறிவர். இனிப்புக்கும் இது பொருந்துகிறது. அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூன்று மாதம் சர்க்கரையைக் குறைத்து உண்டவர்களுக்கு, முன்பு உண்ட அதே அளவு இனிப்புள்ள பண்டம் முன்னிலும் மிகுந்த இனிப்பாகத் தோன்றியது. அம்மாற்றம் முதல் மாதத்திலேயே வந்துவிடவில்லை. இரண்டாம் மாதத்தில்தான் தெளிவாகத் தோன்றிற்று. பத்து நாளில் பலன் காணாது கைவிடுவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு மண்டலம் எனப் பெரியோர் வகுத்த கால அளவு இவ்வகையில் பொருத்தமாகவே இருக்கிறது.

வழிமுறையில் இரு கருத்துண்டு. படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பர் சிலர். ஒரே நாளில் விட வேண்டும் என்பர் சிலர். தேநீருக்கு முன்னதும், குளிர்பானத்துக்குப் பின்னதும் ஏற்றவை எனலாம். தேநீர் அன்றாட வழக்கம். அதனைத் திடீரென வெறுமையாக்கினால் மனம் முரண்டு பிடிக்கும். ஒட்டுக்கடையில் இரு வாரம் ‘கூராங் மானிஸ்’ எனக் கேட்டுப் பழகியவர், அடுத்த இரு வாரம் கெட்டிப்பாலை விடுத்துச் சீனியில்லாப் பாலுக்கு மாறி, அதற்கடுத்து ‘தே ஓ கோசோங்’ என்னும் நிலைக்கு வந்துவிடலாம். அப்போதுதான் தேயிலைக்கென்று ஒரு மணம் இருப்பதே தெரியவரும். குளிர்பானமோ தேவையில் பிறந்ததன்று. அதற்குப் படிக்கட்டு வேண்டுவதில்லை. விரதம் ஏற்பவர், மதுவோடும் புகையோடும் அதனையும் ஒரே பட்டியலில் எழுதிவிடலாம். ‘இன்று மட்டும் கொஞ்சம்’ என்று முருகனிடம் பேரம் பேசுபவர் இல்லையே.

வெல்லமும் கருப்பட்டியும் தேனும் குலா மலாக்காவும் தீங்கற்றவை எனும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. அவற்றுள் சிறிதளவு தாதுப்பொருள் உண்டு என்பது மெய்யே. ஆயினும் பெரும்பகுதி சர்க்கரைதான். இரத்தம் அதனைச் சர்க்கரையாகவே கொள்ளும். நாட்டுச் சர்க்கரைக்கு நாட்டுப்பற்று என்று தனிச் சலுகை இல்லை. செயற்கை இனிப்புகளைப் பொறுத்தவரை, உடல் எடையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு அவற்றைப் பயன்படுத்துவதை உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைக்க மறுத்தது. அப்பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உடையவர்களைப் பற்றியதன்று. அவர்கள் தத்தம் மருத்துவரைக் கேட்டு நடப்பதே முறை. சர்க்கரைக்குப் பதிலாக வேறோர் இனிப்பைத் தேடிக்கொண்டேயிருந்தால் நாவின் பழக்கம் எப்போது மாறும் என்பதும் சிந்திக்கத் தக்கது.

இனிப்பைக் குறைத்தால் மட்டும் போதாது. உணவு நிறைவாக இருத்தல் வேண்டும். காலையில் வெறுந்தேநீரும் இரண்டு ரொட்டித் துண்டும் உண்டவர்க்குப் பத்து மணிக்கு இனிப்புப் பசி எழாமல் என் செய்யும்? பருப்பு மிகுந்த சாம்பாரோடு தோசை, அவித்த பச்சைப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவை நெடுநேரம் தாங்கும். தட்டில் காற்பங்கு சோறு, காற்பங்கு பருப்பு முதலிய புரதம், பாதி காய்கறியும் பழமும் என மலேசியச் சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ எனும் பெயரில் பரப்பிவரும் முறை, வாழையிலைக்கும் பொருந்தும். இலையில் சோற்றுமலையைச் சரித்துக் கீரைக்கும் அவியலுக்கும் இடம்விட வேண்டும், அவ்வளவே. காய்கறியையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால், உணவுக்குப் பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்பதும் ஆய்வில் கண்டது. இலையில் இனிப்பை முதலில் வைப்பது தமிழர் மரபு. ஒரு விரலால் தொட்டு நாவில் வைத்து மரபைக் காத்துவிட்டு, எஞ்சியதைக் கடைசிக்கு ஒதுக்குவதில் தவறில்லை. கடைசியில் வயிறு நிறைந்தவர் அதில் பாதியை விட்டுவிடுவார். திருவள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்ட 95ஆம் அதிகாரத்தில் மூலிகை எதனையும் கூறவில்லை. முன் உண்டது செரித்ததா, பசி உண்மைப் பசியா, அளவு தக்கதா என்பவற்றையே மீண்டும் மீண்டும் வற்புறுத்துகிறார்.

இவ்வொழுக்கம் பயன்தரும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற இந்தியர்களை மூன்றாண்டளவு கவனித்து டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டோரிடம் நோய் தோன்றும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை உண்டோருக்குக் கிடைத்த பலனும் ஏறத்தாழ அதே அளவுதான். அன்னதானம் முடிந்தவுடன் வண்டிச் சாவியைத் தேடாமல், வெளிப்பிரகாரத்தைப் பதினைந்து நிமிடம் வலம் வருபவர், புண்ணியத்தோடு இதனையும் ஈட்டுகிறார்.

இனி, ஆலயத்தின் பங்கு. பிரசாதத்தைக் குறை கூறுவதா என எவரும் சினங்கொள்ள வேண்டுவதில்லை. ஔவையார் நல்வழியின் கடவுள் வாழ்த்தில் பிள்ளையாருக்குத் தேனும் பாகும் உள்ளிட்ட நான்கைப் படைக்கிறார். சர்க்கரைப் பொங்கலும் பஞ்சாமிர்தமும் இல்லாத வழிபாட்டை எண்ணிப் பார்க்கவும் இயலாது. இறைவனுக்குப் படைப்பதில் குறை வைக்கச் சொல்லவில்லை. பெறுபவர் கையில் விழும் அளவே கேள்வி. பஞ்சாமிர்தம் உள்ளங்கையில் ஒரு கரண்டியாக வாங்கிக் கண்ணில் ஒற்றி உண்ணும் பொருள்; அதனை அரைக்கிலோ டப்பாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுசென்று ரொட்டியில் தடவி உண்பது இக்காலத்து வழக்கம். ஒரு கரண்டியில் அடங்காத அருள் ஒரு டப்பாவில் அடங்குமா?

மேலும், இனிப்பல்லாத பிரசாதமும் பழைய மரபே. நவராத்திரிச் சுண்டலைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவரை உணவியல் அறிஞர் என்றே போற்றலாம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை, காராமணி என்று நாளுக்கொரு பயறு, புரதமும் நாரும் நிறைந்தது, வயிறு நிறையும், சர்க்கரை விரைந்து ஏறாது. அதனை ஒன்பது நாளோடு நிறுத்திவிடாமல் வெள்ளிக்கிழமைதோறும் வழங்கினால் யார் வேண்டாம் என்பர்? உபயகாரர் சிலர், இனிப்பில்லாமல் உபயம் செய்தால் கஞ்சத்தனம் என ஊரார் பேசுவரோ என அஞ்சுகின்றனர். இவ்வச்சம் உண்மையானது; அதனைத் தனி மனிதர் ஒருவர் தலையில் சுமத்துதல் முறையன்று. உபயச் சீட்டிலேயே ‘இனிப்பு ஒன்று, சுண்டல் ஒன்று’ என நிர்வாகமே வகுத்துவிட்டால், அப்பழி எவர்மீதும் விழாது.

தண்ணீர்ப் பந்தலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆனால் பந்தலில் இன்று கிடைப்பன ரோஜா வண்ணச் சர்க்கரைப் பாகும், பெட்டியில் அடைத்த இனிப்புப் பானமும், பனிக்கட்டியில் மிதக்கும் குளிர்பானமும். ஊர்வலப் பாதையில் ஐம்பது அடிக்கு ஒரு பந்தல். ஒவ்வொன்றிலும் அன்போடு நீட்டும் கை. மறுக்க மனம் வராது. காலை முதல் மாலைவரை சிறுவர் ஒருவர் எத்தனை பொட்டலம் குடிப்பார் என்பதைப் பெற்றோர் எண்ணுவதில்லை. நீர்மோர் இந்த வெயிலுக்கென்றே பிறந்தது. உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்ந்த மோர், வியர்வையில் இழந்த உப்பை ஓரளவு ஈடுசெய்யும். பெரிய அண்டாவில் மோரும், அதனருகே குளிர்ந்த வெறும் நீரும் முன்வரிசையில் இருக்கட்டும்; இனிப்பு பின்வரிசையில், கேட்டவர்க்கு மட்டும் இருக்கட்டும். விரும்புவோரின் உரிமை கெடாது. வழக்கத்தால் நீளும் கை முதலில் மோரைத் தொடும்.

சிறுவரைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்பதற்கு, இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று விடை கூறும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்குச் சீனி பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது. 1953 செப்டம்பரில் அக்கட்டுப்பாடு நீங்கியதும், மக்கள் உண்ட சீனி நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராமாக உயர்ந்தது. கட்டுப்பாடு இருந்தபோது கருவுற்றுப் பிறந்தோரையும், நீங்கிய பின்பு கருவுற்றுப் பிறந்தோரையும் ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வு, கருவறைக் காலமும் முதல் இரண்டு வயதும் சீனி குறைந்த காலமாக அமைந்தவர்களுக்கு, பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்ததைக் கண்டது. அவர்கள் நோன்பு நோற்றவர்கள் அல்லர், கிடைக்காததால் உண்ணாதவர்கள். ஆயினும் அந்தச் சில ஆண்டுகளின் பயன் ஐம்பது, அறுபது வயதுவரை உடன்வந்தது. கருவுற்ற தாய்மாரும், பச்சிளங்குழந்தைக்குச் சீனி நீர் ஊட்டி அழுகையை நிறுத்தும் பாட்டிமாரும் இதனை எண்ணிப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்த விருந்தினர் குழந்தை கையில் மிட்டாய் கொடுப்பதற்குப் பதில் ஒரு மாம்பழத்தையோ கொய்யாவையோ கொடுத்தால் பாசம் குறைந்துவிடாது.

நிறைவாக, ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து உண்போர்க்கும் அவர்களுக்குத் துணை நிற்கும் தொண்டர்க்கும் சில சொற்கள். இன்சுலின் ஏற்றுவோரும், இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரை உண்போரும், மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு உணவை விடுத்து விரதம் இருப்பது உயிருக்கே ஊறு. இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடும். உணவை விட்டால் மருந்தையும் விட்டுவிடலாம் எனத் தாமே முடிவு செய்வதும் அவ்வாறே தீங்கு. விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் சென்று, இத்தனை நாள் இவ்விதம் நோற்கப்போகிறேன் என்று வெளிப்படையாகக் கூறினால், அவர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். மருத்துவர் வேற்றுச் சமயத்தவராயின் கேலி செய்வாரோ எனத் தயங்க வேண்டியதில்லை. நோன்பு மாதந்தோறும் நோயாளிகளுக்கு மருந்தை மாற்றித் தந்து பழகியவர்கள் இந்நாட்டு மருத்துவர்கள்.

ஊர்வலத்தில் ஒருவர் நடுங்கி, வியர்த்து, பேச்சுக் குழறி, திகைத்து நின்றால், அதனை அருள் வந்த நிலை என்று மட்டும் கொண்டு விலகி நின்றுவிடலாகாது. அவர் நீரிழிவு உடையவரா எனத் துணைவரைக் கேட்க வேண்டும். ஆம் எனின், நினைவோடு விழுங்கக் கூடியவராயின், மூன்று சிறு கரண்டிச் சீனியை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் கொடுக்க வேண்டும். அந்நேரத்தில் சீனி மருந்து. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல் மருத்துவ வண்டியை அழைக்க வேண்டும். ஆதலால் பந்தலின் பின்வரிசையில் ஒரு சிறு சீனி டப்பாவும் கரண்டியும் எப்போதும் இருத்தல் நலம். அது எங்கே இருக்கிறது என்பதைத் தொண்டர் அனைவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.